லிஃப்றில் நின்ற சொக்லேற் கேக்

ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே லிஃப்ற் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோனது. வோபர்னில் உள்ள அந்தத் தொடர்மாடியின் கீழ்த்தளச் சமையற்கூடத்தை இனி யார் நடத்துவது என்று முடிவுசெய்ய, உச்சி மாடியில் குழு காத்திருந்தது. தலைவி டெக்சாஸ்காரி. தன் ஊர்ச் சொக்லேற் ஷீற் கேக்கைச் செய்து வரும்படி போட்டியிட்ட ரதியிடமும் கிளிபோட்டிடமும் சொல்லியிருந்தாள். வென்றால் பிறம்ரன் களஞ்சியத்தில் பெட்டி தூக்குவதை ரதி விட்டுவிடலாம். ஆனால் அவளுடைய கேக் ட்றே இப்போது கிளிபோட்டின் கையில் இருந்தது.

“அண்ணை, அது என்ரை கேக்! நான் உடுப்பு மாத்தப் போன நேரம் தன்ரை கருகினதை என்ரை மேசையிலை வைச்சிட்டு, இதைத் தூக்கிக்கொண்டு வந்திட்டார்!”

அவள் முறையிட்டது பொன்னம்பலத்திடம். காப்புறுதிக் கம்பனிக்காக விபத்துகளைத் துருவித் துருவி ஆராய்ந்து ஓய்வுபெற்ற மனிதர். பக்கத்தில் அவருடைய மருமகள் கௌசி.

“கருகினது உம்மடை கேக்,” என்றான் கிளிபோட்.

“மாமா, கைரேகை எடுப்பமா?” என்று கௌசி துள்ளினாள்.

“பேசாமல் நில்லு, பிள்ளை.” பொன்னம்பலம் அவசர மணியை அழுத்திவிட்டுத் திரும்பினார். “தம்பி, ஐசிங் எப்ப போட்டனீர்?”

“கேக்கை வடிவா ஆறவிட்டுத்தான், ஐயா. பட்டர் கேக்குக்கு அம்மா சொல்லித்தந்த முதல் பாடம் அது.”

“நீர், ரதி?”

“அவண் அடுப்பாலை எடுத்த கையோடை ஊத்தினனான். ஐசிங்கும் கொதி.”

கிளிபோட் சிரித்தான். “கேட்டியளே? கேக் தெரிஞ்ச ஆரும் உப்பிடிச் செய்வினமே?”

“கௌசி, ஒரு மூலையை வெட்டு.”

அவள் வீட்டுக் கதவுத் திறப்பால் வெட்டி, முதலில் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள். பொன்னம்பலம் வெட்டுமுகத்தைக் காட்டினார். ஐசிங் முடியும் இடமும் கேக் தொடங்கும் இடமும் பிரிந்து தெரியவில்லை. மேற்பகுதி ஊறிக் கறுத்திருந்தது.

“புயல் நட்டம் பாக்க ஹூஸ்ரனுக்குப் போன காலம் இதைச் சாப்பிட்டிருக்கிறன். எங்கை பிறந்த கேக் எண்டு திட்டமாச் சொல்ல ஆளில்லை. ஆனா சாவீட்டுக் கேக் எண்டும் அதுக்கு ஒரு பேர் இருக்கு. செத்தவீட்டுக்கு அவசரமாக் கொண்டு ஓடுறவை ஆறுமட்டும் பாத்துக்கொண்டு இருப்பினமே? சூட்டுக்கு மேலை சூடா ஊத்துறதுதான் முறை. ஆறின கேக் எண்டால், ஐசிங் மூடி மாதிரி மேலை நிக்கும். இது உள்ளுக்கு இறங்கியிருக்கு, தம்பி.”

கிளிபோட் ட்றேயையே பார்த்துக்கொண்டு நின்றான். “நானும் அதே களஞ்சியத்திலைதானே நிக்கிறன், ஐயா. எனக்கும் வெளியிலை வர விருப்பம் இராதோ?”

லிஃப்ற் முனகிக்கொண்டு ஏறியது. கதவு திறந்ததும் ரதி ட்றேயை வாங்கிக்கொண்டு இறங்கினாள். மற்ற இருவரும் பின்னால் இறங்கினார்கள். கிளிபோட் அசையவில்லை.

“திங்கக்கிழமை நான் வேலைக்கு வரேல்லையெண்டு சுப்பவைசரிட்டைச் சொல்லிவிடும்,” என்றாள் ரதி.

அவன் தலையாட்டினானா என்று அவள் பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.