போர்வைப் புல்

விளக்கு எரியாத மீன்தொட்டியில் குமிழ் வந்துகொண்டிருந்தது.

முதாசிருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். சாயங்கால மழைக்குப் பொழிச்சலூரில் கரண்ட் போவது புதிதா என்ன? தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரும் நின்றாயிற்று. வெளிச்சம் இருந்தால்தான் தண்ணீர்ச் செடி குமிழ் விடும். இந்தத் தெருவில் வேறு எவனுக்கு அது தெரியும்? பிளாஸ்டிக் தாமரையைப் போட்டு மீன் வளர்க்கிற கும்பல். அவனுடைய நாலடித் தொட்டியில் தரை முழுக்கப் புல், கம்பளம் விரித்த மாதிரி. கடையில் செடிமண் வாங்குகிறவன் முட்டாள் என்று, வெள்ளம் வடிந்த அடையாற்றங்கரையில் வண்டலை வாரிவந்து போட்டு வளர்த்தது.

"வெள்ளத்துல என்னென்ன அடிச்சுட்டு வந்துச்சோ, அத போய் வீட்டுக்குள்ள கொண்டு வரீங்களே," என்று அப்போதே கேட்டாள் மனைவி நிகத். "படிச்சவதானே நீ?" என்று சிரித்தான்.

இன்று காலை புல்லை ஒட்ட வெட்டினான். வெட்டினால்தான் அடர்ந்து படரும். மகள் சோயா அழுதாள். "வெட்டாதீங்கத்தா, அது உள்ள தூங்கற பாப்பாவோட போர்வை. பாப்பாக்குக் குளிரும்."

"அம்மாவுக்கு ஏத்த பொண்ணு," என்றான். கத்தரியை நிறுத்தவில்லை.

இப்போது, மழை இரைச்சலுக்கு நடுவே, அந்த ஆற்றங்கரைச் சேற்று வாடை கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருக்க, குமிழ்கள் ஒரே இடத்திலிருந்து வந்தன. புல் மேடாக இருந்த இடம். அப்படியொரு மேட்டை அவன் வைக்கவே இல்லை. ஒரு கொத்துக் குமிழ், ஓர் இடைவெளி. மறுபடி ஒரு கொத்து. யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

போனில் டார்ச் அடித்தான். மேடு புரண்டது.

போன் கைநழுவி விழுந்தது. தடவி எடுத்து மறுபடி அடித்தான். மேடு இல்லை. பள்ளம். ஒரு குழந்தை ஒருக்களித்துப் படுத்து எழுந்த அளவு. தரையெல்லாம் ஈரம். படுக்கையறை வரைக்கும்.

நிகத் மொட்டை மாடியில் துணி எடுக்கிறாள். உள்ளே சோயா தனியாகத் தூங்குகிறாள். படுக்கையறைக்கு ஓடினான்.

"சோயா!"

கட்டிலில் போர்வைக்குள் இரண்டு உருவம். ஒன்று சோயா. மற்றதன் தலை மட்டும் தெரிந்தது. ஒட்ட வெட்டிய பச்சை முடி.

சோயா உதட்டில் விரல் வைத்தாள்.

"கத்தாதீங்கத்தா. இப்பதான் குளிர் விட்டுச்சு."

சொல்லும்போதே அவள் வாயிலிருந்து ஒரு கொத்துக் குமிழ் வந்தது.