விளக்கை அணை, பத்து எண்ணு

வெந்நீர் அடுப்புச் சாம்பலுக்குள் ஒரு சுருள் கம்பி கிடந்தது. வெண்மதி அதைக் குச்சியால் கிளறி வெளியே இழுத்தாள். நோட்டின் முதுகுக் கம்பி! கம்பியோடு ஓரம் கருகிய நீல அட்டைத் துண்டு ஒன்று தொங்கியது.

விடிந்ததிலிருந்து அலமாரி, பரண், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று தேடாத இடமில்லை. ஏழு மாத உழைப்பு… இப்படிச் சாம்பலாகக் கிடக்கிறதே!

"அத்தை… என் நோட்ட யாரு அடுப்புல போட்டது?"

மாமியார் பெரியம்மாள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான் போட்டேன். வூட்டு மானம் சந்தி சிரிக்கறதுக்கு முந்தி சாம்பலாப் போவட்டும்னு போட்டேன்!"

"மானமா…? அது என் பரீச்ச நோட்டுங்க அத்தை! இன்னைக்கி மத்தியானம் தர்மபுரியில நாடகம். என்னைப் பரீச்ச பண்ண வெளியூர்ல இருந்து மேடம் வராங்க…"

"நடிக்காத! ஏ ஜெயா… நீ படிச்சத இன்னொருக்கா சொல்லு. அவ காதாலயே கேக்கட்டும்."

இளைய மருமகள் ஜெயபிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "‘மூணு பத்து. மாது உள்ளே. விளக்கை அணை. பத்து எண்ணு. கட்டில் சத்தம் கேட்டதும் சிவப்பு விளக்கு…’ அப்பிடித்தாங்க்கா எழுதியிருந்துச்சி. பக்கத்துக்குப் பக்கம் மாது, மாதுன்னு…"

வெண்மதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி கண்கள் நிறைந்துவிட்டன.

"அய்யோ! அது நாடகத்துக் குறிப்புங்க அத்தை. மாதுங்கறவரு நாடகத்துல அப்பா வேசம் கட்டறவரு. வெளக்கு அணைஞ்ச பொறவு அவரு இருட்டுல வந்து கட்டில்ல உக்காரணும். எப்ப வரணும், எப்ப வெளக்குப் போடணும்னு சொல்றதுதான் என் வேல. அதத்தான் எழுதி வெச்சிருந்தேன்…"

"நாடகமாம் நாடகம்! ரெண்டு புள்ள பெத்தவளுக்கு ஆம்பளைங்களோட இருட்டுல இன்னா வேல?"

வெண்மதி கூடத்தைப் பார்த்தாள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அவள் கணவன் மாதவராஜ், தாய் போனில் அழுததைக் கேட்டு முதல் பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க… நீங்களாச்சும் சொல்லுங்க. நான் படிக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

அவன் செல்போனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "எனக்கு ஒன்னும் புரியல வெண்மதி. இன்னைக்கி ஒருநாள் போவாத. வூட்ல இருந்து பேசித் தீத்துக்கலாம்."

மாமியார் சொன்ன எல்லாவற்றையும்விட அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்தவளை இந்தக் காரிமங்கலத்துக்கு மருமகளாக அழைத்து வந்தார்கள். படிப்பைத் தொடரலாம் என்றுதான் வாக்கு. வந்த ஆறாம் மாதம் மாமனாருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாலு வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்து, வாய் துடைத்து, பீ மூத்திரம் அள்ளியவள் அவள்தான். கல்லூரி அத்தோடு போயிற்று. பிறகு ஜெயபிரியா பி.எட். முடிக்க வேண்டும் என்றபோது, அவளுடைய கைக்குழந்தையையும் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தாள். அந்த ஜெயபிரியாவின் படிப்புத்தான் இன்று அவள் நோட்டை எழுத்துக்கூட்டிக் குற்றம் கண்டுபிடித்திருக்கிறது.

விட்ட பட்டப் படிப்பைத் தபால் வழியில் எழுதி முடித்து, நாடகத் தயாரிப்புப் பட்டயப் படிப்பில் சேர்ந்து, நாடக இயக்குநர் முருகேஷின் குழுவில் மேடை நிர்வாகியாக வேலையும் வாங்கி இரண்டு வருஷமாகிறது. திரை, விளக்கு, சாமான், நடிகர்கள், நேரம், எல்லாம் அவள் பொறுப்பு. இருபது பேர் அவள் குரலுக்குக் கட்டுப்பட்டு நடப்பார்கள். இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

அவள் முகத்தைக் கழுவினாள். புடவையை மாற்றிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள்.

"சோறும் கொழம்பும் ஆக்கி வெச்சிட்டேன். புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போட்டுக் குடுத்துடுங்க. நான் போறேங்க."

"இந்த வாசப்படியத் தாண்டினா…!" பெரியம்மாள் குரல் உடைந்தது.

"தாண்டித்தாங்க அத்தை ஆவணும். நம்பிக்க இல்லீன்னா நேர்ல வந்து பாருங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற கல்யாண மண்டபம். மூணு பத்துக்கு மாது வருவாரு. பின்கதவு தொறந்துதான் இருக்கும்!"

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையிலிருந்து நாடக நோட்டீஸ்களை எடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். முதல் விளக்கு. மணிச் சத்தம். தாய் உள்ளே… மொத்தம் எண்பத்து நாலு குறிப்புகள். தர்மபுரி வருவதற்குள் எழுபது எழுதிவிட்டாள். மிச்சம் பதினாலும் எங்கேயும் போய்விடவில்லை, கண்ணை மூடினால் வரிசையாக வந்து நின்றன.

மண்டபத்தில் இயக்குநர் முருகேஷ் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"நோட்டு இல்லாம எப்படிம்மா? தள்ளி வெச்சிடலாமா?"

"எதுக்குங்க சார்? நோட்ட எழுதினவ இருக்கேன் இல்ல. ரெண்டே முக்காலுக்கு எல்லாரும் அவங்கவங்க எடத்துல நிக்கணும். ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டியாச்சான்னு மட்டும் பாருங்க."

சரியாக மூன்று மணிக்குத் திரை விலகியது. வெண்மதி மேடையின் இடப்பக்கம், திரை மறைவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன், மடியில் நோட்டீஸ் கட்டு. முன்வரிசையில் தேர்வாளர் நிர்மலாதேவி பேனாவோடு இருப்பது தெரிந்தது.

மூன்று எட்டு. அவளுக்குப் பின்னால் பின்கதவு கிரீச்சிட்டது. விபூதியும் வெற்றிலையும் கலந்த வாசம் வந்தது. யாரென்று பார்க்கத் தேவையில்லை. பார்க்க நேரமும் இல்லை. திரும்பாமலே இடது கையை உயர்த்தி ‘அங்கேயே நில்லுங்கள்’ என்று சைகை காட்டினாள்.

"மாதுண்ணா, தயாரா? விளக்கு… அணை!"

மண்டபமே இருண்டது.

"ஒன்னு… ரெண்டு… மூணு…" வெண்மதியின் மெல்லிய குரல் மட்டும் கேட்டது. "ஒம்பது… பத்து."

கட்டில் கிரீச்சென்றது.

"சிவப்பு!"

மேடையில் செவ்வொளி பரவியது. கட்டிலில், நரைத்த மீசையும் குழிந்த கண்ணுமாக, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பிணமாகத் திரும்பிய தகப்பனின் ஆவி உட்கார்ந்திருந்தது. கூட்டத்தில் யாரோ விம்மினார்கள்.

"அடப் பாவமே… கம்பைநல்லூர் பஸ்ஸு கண்டக்டரு!" பின்னால் பெரியம்மாள் முணுமுணுத்தாள். "இவருகிட்ட நான் எத்தினி வருசம் டிக்கெட் வாங்கியிருக்கறேன்… பேரன் பேத்தி எடுத்த மனுசன்… இவரா மாது?"

வெண்மதி உதட்டில் விரலை வைத்தாள். பெரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாடகம் முடியும்வரை பெரியம்மாளும் அவளைக் கூட்டி வந்த மாதவராஜும் அந்தத் திரை மறைவில் அசையாமல் நின்றார்கள். அவள் சொல்லும்போது மழை பெய்தது. அவள் சொல்லும்போது நின்றது. அவள் விரலசைவில் பெரிய பெரிய ஆண்கள் ஓடிவந்து சுவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்பத்து நாலில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் நிர்மலாதேவி மேடைக்குப் பின்னால் வந்தார்.

"அருமையா நடத்தினீங்க வெண்மதி. உங்க தயாரிப்பு நோட்டைக் குடுங்க. அதுக்குத் தனி மார்க்."

பின்னால் நின்ற பெரியம்மாளின் மூச்சு வெண்மதிக்குக் கேட்டது.

"நோட்டு இல்லீங்க மேடம். என் கவனக்குறைவு… நானே தொலைச்சிட்டேன்."

"தொலைச்சிட்டீங்களா? ஏழு மாச வேலையை…? அப்ப அந்த மார்க்கை நான் எப்படிப் போட முடியும்?"

"புரியுதுங்க மேடம்."

"அவ தொலைக்கலைங்க!"

பெரியம்மாள் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பொருட்படுத்தவில்லை.

"நான்தாங்க… இந்தப் பாவிதான் அடுப்புல போட்டேன்! எனக்கு எழுத்துத் தெரியாது. யாரோ படிச்சிச் சொன்னத நம்பி, பெத்த பொண்ணாட்டம் எங்கூட்டுக்காரர நாலு வருசம் காப்பாத்துனவ மேல சேத்த வாரிப் பூசுனேன். இப்பக்கூடப் பாருங்க, என்னைக் காட்டிக் குடுக்காம தன் மேல போட்டுக்கறா… அவ மார்க்க வெட்டாதீங்கம்மா. தண்டனை எதுனா இருந்தா எனக்குக் குடுங்க!"

வெண்மதியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அத்தை… போதுங்க அத்தை…" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பெரியம்மாள் அவள் தோளில் முகம் புதைத்து, "கண்ணு… என் கண்ணு…" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எழுதித் தர பத்து நாள் தர்றேன், வெண்மதி. இவ்வளவையும் மனசுல வெச்சு நடத்தினவங்களுக்கு அது போதும்னு நினைக்கிறேன்."

"ஆறு நாள்ல குடுத்துடறேங்க மேடம்."

கூட்டம் கலைந்தபின் மாதவராஜ் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"என்னைத் திட்டவாச்சும் செய்யி வெண்மதி…"

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"அத்தை படிக்காதவங்க. பயந்துட்டாங்க. நீங்க என்னைக் கேட்டிருக்கலாமேங்க? பன்னெண்டு வருசத்துல ஒரே ஒரு கேள்வி… ‘என்ன வேல செய்யிற’ன்னு. அதக் கேட்டிருந்தா நான் எவ்ளோ ஆசையாச் சொல்லியிருப்பேன்!"

அவன் கண்கள் கலங்கின. "தப்புத்தான். இனி கேக்கறேன்… சொல்லு, அடுத்து என்ன வேல?"

"அடுத்த மாசம் சித்தேரி மலையில பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி நாடகம் போடறோம். பன்னெண்டு நாளு. மொத்தப் பொறுப்பும் என்கிட்ட குடுத்திருக்காங்க. போவட்டுமான்னு நான் கேக்கலைங்க. போறேன்னு சொல்றேன்."

மாதவராஜ் பதில் சொல்லுமுன் பெரியம்மாள் முந்திக்கொண்டாள்.

"போய்ட்டு வரட்டும்டா. நீ லீவு போட்டுட்டு வந்து புள்ளைங்களப் பாரு. ஜெயாவும் நானும் வூட்டப் பாத்துக்கறோம். அவகிட்ட நான் பேசிக்கறேன்."

"ஜெயாவ ஒன்னும் சொல்லாதீங்க அத்தை. படிச்ச புள்ள, வெக்கப்பட்டே செத்துடுவா. நானே பேசிக்கறேன்."

முருகேஷ் தலையை நீட்டினார். "ரெண்டாவது காட்சிக்குக் கூட்டம் வந்துட்டிருக்கும்மா. மேடையில கேணிச் சுவரு ஒரு பக்கம் சாஞ்சிருக்கு…"

வெண்மதி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மாமியாரை முன்வரிசைக்கு அழைத்துப்போய் நடு நாற்காலியில் உட்கார வைத்தாள். மேடைக்கு ஏறும்போதே கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"எல்லாரும் அஞ்சு நிமிசத்துல மேடைக்கு வாங்க! ஏங்க, நீங்களுந்தான். அந்தச் சுவரு ஓரத்தக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

மாதவராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடினான்.