வாங்க மாமா, வாங்க

டொம்!

பின்னால் இழுபட்டு வரும் விமானத்தின் முன்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. டிராக்டர் ஒரு குலுக்கு குலுங்கி, மறுபடி சீராக ஓடியது.

"என்ன மாப்ளே சத்தம்?" டிரைவர் ஹெட்செட் மைக்கில் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. வாங்க, வாங்க."

முன்சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து, ஒயர் மாட்டிய ஹெட்செட்டில் வழி சொல்லி வருவது மருமகனின் வேலை. நடப்பவன் பக்கக் கண்ணாடியில் மறைந்தால் அந்த நொடியே பிரேக்கை மிதிக்க வேண்டும். புதிதாக வரும் டிரைவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லித் திட்டுபவரே இவர்தான்.

இன்று விடியற்காலைப் பனி ஓடுதளத்தையே விழுங்கியிருந்தது. கண்ணாடியில் வெறும் வெள்ளை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்திருந்தது. விமானத்தை ஷெட்டில் விட்டதும் இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குரல்தான் காதில் கேட்கிறதே என்று ஓட்டினார்.

"பொறக்குற புள்ள உங்கள மாதிரி தொணதொணக்காம இருந்தா சரி," என்று மருமகனைச் சீண்டினார்.

வழக்கமாக இதற்கு ஒன்றுக்கு இரண்டாகப் பதில் வரும்.

"வாங்க, வாங்க."

அதே குரல். அதே இழுப்பு. டயரின் ஈர ரப்பர் வாடையோடு, கசாப்புக் கடை வாடை ஒன்று கலந்து வந்தது. பின்னால் ஏதோ தரையில் உரசிக்கொண்டே வந்தது. சரக்... சரக்...

அவர் நிறுத்தினார்.

விமானத்தின் ஜன்னல் வழியாக ஹெட்செட் மாட்டிய தலையை நீட்டினான், பிரேக்கைப் பார்த்துக்கொள்ள உள்ளே உட்கார்ந்திருந்த மெக்கானிக்.

"அண்ணே, யாருகூடப் பேசிட்டே வர்றீங்க? அந்த டொம் சத்தத்துக்கப்புறம் லைன்ல உங்க குரல் மட்டுந்தானே கேக்குது!"

டிரைவர் இறங்கினார். விமானத்திலிருந்து தொங்கிய ஒயர் சக்கரத்தில் சுற்றி அடியில் போயிருந்தது. பக்கத்தில் ஒரு பூட்ஸ். பூட்ஸுக்குள் கால். பின்னால், பனிக்குள், தரையோடு இழுத்து வந்த நீளமான சிவப்புக் கோடு. சக்கரத்துக்கு அடியில் ஹெட்செட். நசுங்கி, முடியும் எலும்புமாக.

தலை இருந்த இடம் தட்டையாக இருந்தது.

அவர் காதில் ஹெட்செட் கரகரத்தது.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க? சக்கரம் என் மேலேயே நிக்குது... வாங்க, இன்னும் கொஞ்சம் வாங்க."