காலிப் பிடி

காட்டுக்குள் கேட்ட ரம்பச் சத்தத்தில் ஒரு பக்க இழுப்புதான் இருந்தது. இழுப்பு கனமாக வந்தது. திரும்பும்போது தகடு துவண்டு அழுதது. இருபத்தாறு வருடம் மர அறுவைப் பட்டறையில் கிடந்தவனுக்கு அது பல்லில் கல் கடிபட்ட மாதிரி. இரண்டு ஆள் ரம்பத்தை யாரோ ஒற்றை ஆளாக அறுக்கிறார்கள்.

“லீவுக்கு வந்த இடத்துலயும் மரமா?” என்றாள் மனைவி. “நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு உங்களப் பாத்துதான் சொன்னாங்க.”

“பாவம்டி, தனியாப் போராடுறான். ஒரு கை குடுத்துட்டு வந்துடறேன்.”

மூன்று நாள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்னால் தொடங்கிய காடு அது. சின்னக் காடுதான், அரை மணி நடந்தால் மறுபக்கம் வந்துவிடும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. ஈர இலை, அழுகிய பட்டை, அதற்கும் அடியில் சாணை பிடித்த இரும்பின் வாசனை. வெயில் இலைகளுக்கு மேலேயே தங்கிவிட, கீழே தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே மனைவியும் பின்னால் வந்தாள்.

மரம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். இடுப்பு உயரத்தில் ரம்பம் பாதி இறங்கியிருந்தது. எதிர் ஆளை அடிமரம் மறைத்தது. இந்தப் பக்கத்துப் பிடி காலியாகப் போய்ப் போய் வந்தது.

“அண்ணே, நான் பிடிச்சுக்கட்டுமா?”

ரம்பம் நின்றது.

காலிப் பிடியைப் பார்த்த பிறகு எந்த அறுவைக்காரனும் கடந்து போகமாட்டான். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தான். பிடி வெதுவெதுப்பாக இருந்தது. ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது. தள்ளக் கூடாது, அதுதான் தொழில். உன் முறைக்கு இழு, அவன் முறைக்கு விட்டுக்கொடு. எதிர் ஆள் நல்ல வேலைக்காரன். ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. செருப்பு மண்ணில் அழுந்தும் சத்தம் இல்லை.

போதும் என்பதற்குப் பிடியை இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டுவதற்கு வலக் கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. தோல் கட்டையோடு ஒட்டியிருந்தது.

“யாருங்க அந்தப் பக்கம்?” மனைவி மரத்தைச் சுற்றிப் போனாள்.

“போகாத!”

“இங்க ஆளே இல்லீங்க. பிடி மட்டும் தானா ஆடுது. இருங்க, நிறுத்தறேன்.” பிறகு, “ஐயோ, என் கை வரமாட்டேங்குது!”

ரம்பம் அவள் பக்கம் போனது. அவன் விரல்கள் பட்டையில் மோதின. பட்டை இளகி, வாயாக விரிந்து, பிடியோடு விரல்களைக் கடித்தது. நகம் பிய்ந்தது. எலும்பு நொறுங்கியது. வலி தாங்காமல் குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தான்.

மறுபக்கம் அவள் அலறினாள்.

“இழுக்காதீங்க! என் கை உள்ள போகுதுங்க!”

நிறுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தான். ரம்பம் நிற்கவில்லை. இழுப்பது அவள் இல்லை, மரம். சுண்டுவிரல் போயிற்று. மோதிர விரல். கொடுத்துவிடு, கைதானே, அவள் பிழைக்கட்டும் என்றது மனசு.

உடம்பு கேட்கவில்லை.

இழுத்தான்.

“என்னங்க...”

இழுத்தான். மரத்தூள் நனைந்து விழுந்தது. முதலில் வெள்ளை. பிறகு சிவப்பு. சூடாக, பாதத்தின் மேல். இழுத்தான். அலறல் கேட்டது. பிறகு நுரை பொங்குவது போல ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தூளோடு அவளுடைய கம்பளிச் சட்டையின் நீல நூல் வந்தது. முடி வந்தது. காதோடு ஒரு கம்மல் வந்து, அவன் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

அவன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.