இரண்டு முறை அழிக்கிறவன்

"எந்தக் கிறுக்கன் எழுதினதாக்கும் இது, சேட்டா?"

கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு சாயாக்கடையில் மழைக்கு ஒதுங்கிய முன்பின் தெரியாத ஒருவனிடம்தான் மாளவிகா பொரிந்து தள்ளினாள். அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். படகுக்காரர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஆப் காலையிலிருந்து ஊமை. திருத்திய நிரலை மறுபடி ஆப்பாகக் கட்டும் 'பில்ட்' முடிந்து, இருட்டுவதற்குள் திருத்தம் போகாவிட்டால், தோப்பும்படித் துறைமுகப் படகுகள் ஒன்றும் தெரியாமலே கடலுக்குக் கிளம்பிவிடும்!

"பில்ட் ஓடறது ஓடறது, முடியவே மாட்டேங்கறது! பழசை அழிச்சு முதல்லேர்ந்து கட்டறது. சரி. கட்டினப்புறம் அதையும் அழிச்சு, இன்னொரு வாட்டி கட்டறது! என்னத்துக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை சொட்டும் இமைகள்... அப்பா, அந்தக் கண்களில்தான் எத்தனை களைப்பு!

"அந்தக் கிறுக்கன் நான்தாங்க. பாண்டித்துரை."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரே குடையில் ஆபீஸுக்கு நடந்தார்கள். வழியில் அவள் தன் பெயரைச் சொன்னாள். போனதும் இரண்டாவது சுற்றை நீக்கப் போனாள்.

"அதுல கை வைக்காதீங்க!"

"வெச்சா தலையா போயிடும்?"

"எங்கப்பா போயிட்டாருங்க."

அவசரமாக அவன் அனுப்பிய பில்டில் ஒரு பழைய கோப்பு ஒட்டிக்கொண்டிருந்ததாம். அது முந்தைய நாள் காற்றைக் காட்டியது. அதை நம்பிப் போன படகில் அவன் அப்பாவும் இருந்தார். படகு வரவேயில்லை. அன்றிலிருந்துதான் இரண்டு முறை அழிக்கிறான்.

மாளவிகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். ஆனால் வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"நேத்திய பில்ட்ல ரெண்டு சுத்தோட விளைவையும் ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறலை. முதல் வாட்டியே சுத்தமா அழியறது, பாண்டித்துரை. ரெண்டாவது முடியற வரை காத்திருந்தா... இன்னிக்கு வேற யாரோட அப்பாவோ போயிடுவார்."

சுருக்கென்றது அவனுக்கு. எழுந்து ஜன்னல் வரை போனான். திரும்பி வந்தான். இரண்டாவது சுற்றுக்கான வரிகளை அவனே அழித்தான்.

பாதி நேரத்தில் பில்ட் முடிந்தது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. துறைமுகத்திலிருந்து போன் வந்தது. ஒரு படகும் கிளம்பவில்லை.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். தொடலாமா... கூடாதா... அவள் கை தானாகப் போய் அவன் தோளில் விழுந்தது.

"எங்கம்மா இன்னும் எங்கிட்ட பேசறதில்லைங்க. வீட்டுக்குப் போனா பேச ஆளே இல்ல."

"நான் பேசறேன்." சொன்ன பிறகுதான் கன்னம் சூடேறியது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. திட்டிண்டிருந்தப்பவே பிடிச்சுடுத்து."

"எத்தன நாளைக்குப் பேசுவீங்க?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"போதும்னு சொல்ல மாட்டேன்... மாளவிகா."