பேரத்தில் குறைந்த வெடிமருந்து

ஒரு மனிதனின் வலது தோள்பட்டை என்ன விலை பெறும்? போடி ஏலக்காய் வியாபாரி தவசிலிங்கத்தைக் கேட்டால் முப்பத்தேழு ரூபாய் என்பார். அந்த விலைக்குத்தான் ஊருக்குக் கிளம்பிய ஒரு தோட்டத் துரையிடம் யானைத் துப்பாக்கி வாங்கினார். துரை நாற்பதில் நின்றார். மூன்று ரூபாயைக் குறைக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று ரூபாய் லாபம் இன்று காலை கழுகுப்பாறைப் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஒரே வெடியில், காறை எலும்போடு சேர்ந்து முறிந்தது.

சுட்டதும் துப்பாக்கி ஒரு பக்கம், தவசிலிங்கம் ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம் விழுந்தன. குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் எதிர்ப் பாறையில் மோதி, அதன் நெற்றியில் தொற்றிக்கொண்டிருந்த கற்களை உலுக்கிவிட்டது. கல் மழையாகச் சரிந்தது. அதற்கு நேர் கீழே, குகை வாயில் ராஜமணி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி! உள்ள போ!" என்று தங்கபுஷ்பம் கத்தினாள். அவன் உள்ளே உருண்டான். தூசி அடங்கியபின் ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது. உயிர் இருக்கிறது.

ராஜமணி அவளுடைய தம்பி. தவசிலிங்கத்துக்குத் தங்கை மகன். பாளையக்காரர் காலத்துப் புதையல் குகையில் ஒரு ஜாடியில் இருக்கிறது என்று எவனோ சந்தையில் சொன்னதை நம்பி, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மலையேறியவன். அவனைத் தேடித்தான் இவர்கள் வந்திருந்தார்கள். தேனெடுப்பவர்கள் விட்டுப்போன கொடி ஏணி ஒன்று பாறை உச்சியிலிருந்து குகை வழியாக அடிவாரம்வரை தொங்கியது. அதைப் பிடித்து ஏறிவிட்டான். அன்று மாலையே சுழற்காற்று அடித்து ஏணியை வாரித் தூக்கி, பக்கத்து வெடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டமரக் கிளையில் மாட்டிவிட்டது. கைக்கு எட்டாத தூரம். கீழே வழுக்குப் பாறை. உச்சிக்குச் சுற்றிப் போக இரண்டு நாள் ஆகும். அவன் கொண்டுபோன தண்ணீரோ நேற்றே தீர்ந்துவிட்டது.

அந்தக் கிளை ஒடிந்தால் ஏணி தானாக அவன் மடியில் விழும். மணிக்கட்டுப் பருமன் உள்ள காய்ந்த கிளை. சின்னத் துப்பாக்கி அதில் ஓட்டைதான் போடும், ஒடிக்காது. கனமான குண்டு வேண்டும். கனமான குண்டு இருந்தது. அதை எறியும் வெடிமருந்துதான் மனிதனையும் மலையையும் சேர்த்து எறிந்தது.

"இன்னும் அஞ்சு தோட்டா இருக்கு," என்றார் தவசிலிங்கம், மல்லாந்து படுத்தபடி. "இடது தோள்ல வச்சு ஒருக்கா பாப்போமா?"

தங்கபுஷ்பம் அவருடைய துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினாள். கொஞ்சம் இறுக்கியே கட்டினாள்.

அவளுக்கு வேறு வழி தெரியும். மாமா மூன்று ரூபாய்க்காகத் துரையோடு மல்லுக்கட்டிய அந்த மூன்று மணி நேரத்தில், துரைசானி அவளைத் தோட்டத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் அதே துப்பாக்கியால் பாட்டில் பாட்டிலாக உடைத்துக் காட்டியிருந்தாள். துரைசானி ஒல்லியானவள், கோழி இறகு மாதிரி இருப்பாள். ஆனால் அவள் தோள் அசையவில்லை. ரகசியம் தோட்டாவில் இருந்தது. கடைத் தோட்டாவைத் தொடாமல், கையால் வார்த்த ஈயக் குண்டும் கொஞ்ச மருந்தும் போட்டு அவளே அடைத்துக்கொள்வாள். குண்டு மெதுவாகப் போகும், ஆனால் கனம் குறையாது. சுத்தியலை எறிவது போல என்று சைகையில் விளக்கினாள். தங்கபுஷ்பம் அதை மறக்கவில்லை. ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் பின்னால் பலமுறை செய்தும் பார்த்திருந்தாள். மாமாவிடம் மட்டும் சொன்னதில்லை. சொன்னால் மருந்துக்குக் கணக்குக் கேட்பார்.

துப்பாக்கியோடு வந்த தேக்குப் பெட்டியை, பெட்டியோடு வாங்கினேன், பெட்டியோடுதான் போவேன் என்று அவர் மலைக்கும் சுமக்க வைத்திருந்தார். சுமந்தவன் சமையல்காரன் அய்யாவு. வழியெல்லாம் அவன் திட்டிய அந்தப் பெட்டியில் குண்டு வார்க்கும் அச்சு, மருந்தைப் பற்றவைக்கும் வெடிக்கேப்பு, மருந்து டப்பா, அளவுக் குப்பி, ஆறு காலித் தோட்டாக் கூடுகள் எல்லாம் இருந்தன. ஈயம்தான் இல்லை.

அவள் பார்வை அய்யாவுவின் வீச்சுவலைமேல் விழுந்தது. ஓடையில் மீன் பிடிக்கலாம் என்று ஆசையாகக் கொண்டுவந்திருந்தான். விளிம்பெல்லாம் ஈயமணி.

"தாயி, வேணாம்," என்றான் அய்யாவு.

மணிகள் இரும்புச் சட்டிக்குப் போயின. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றித் திறந்தால் குண்டு கிழவன் முகம் போலச் சுருங்கி வந்தது. சுருக்கம் விழுந்த குண்டு நேராகப் போகாது. கொஞ்சம் வெள்ளீயம் சேர்ந்தால் அச்சின் மூலையெல்லாம் நிறையும் என்று அவளுக்குத் தெரியும். காட்டில் வெள்ளீயத்துக்கு எங்கே போக? அவள் மறுபடி அய்யாவுவின் பக்கம் திரும்பினாள். அவன் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை, முழுக்க வெள்ளீயம், மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான்.

அந்தச் சொம்பு அவன் தொழிலின் மானம். அதில் வைக்கும் ரசத்துக்காகத்தான் தவசிலிங்கம் அவனை வேலைக்கு வைத்திருந்தார். எதிர்ப் பாறையிலிருந்து ராஜமணி தண்ணீர் என்று ஏதோ கத்தியது காற்றில் பாதி வந்தது. அய்யாவு சொம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, உருகுவதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தான்.

அடுத்த குண்டுகள் பளபளவென்று வந்தன. ஆறு. குண்டு குழலில் வழுக்கிப் போக மெழுகு வேண்டும். அய்யாவு பித்தவெடிப்புக்குத் தடவும் தேன்மெழுகு போனது. கொஞ்ச மருந்து பெரிய கூட்டுக்குள் அங்குமிங்கும் ஓடாமல் வெடிக்கேப்பை ஒட்டியே இருக்க மேலே பஞ்சு வைக்கவேண்டும். தவசிலிங்கத்தின் இலவம்பஞ்சுத் தலையணை கிழிந்தது. அவர் வாயைத் திறந்தார். தங்கபுஷ்பம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஆனால் மருந்து அளக்கும்போது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் குப்பியைத் தலைதட்டி ஒவ்வொரு கூட்டிலும் கொட்டிக்கொண்டிருந்தாள். அவர் நகர்ந்து வந்து, மீதித் துண்டை அவள் கைமேல் போட்டு, இடது கையை உள்ளே விட்டார்.

அந்த வீட்டில் பெரிய விஷயங்கள் எல்லாம் துண்டுக்கடியில்தான். சந்தையில் விலை பேசுவது போலவே கல்யாணமும் சொத்துப் பிரிவினையும் விரலால் பேசி முடிப்பார்கள். வாயால் சொல்வதில் ஆயிரம் இருக்கும். துண்டுக்கடியில் பிடித்த விரல் மட்டும் பொய் சொல்லக்கூடாது. சொன்னவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

அவர் விரல் காலளவு குறை என்றது. அவள் விரல் முடியாது என்றது. அவர் அரைக்காலுக்கு இறங்கினார். அவள் கிள்ளினாள்.

"உன் தோளுக்காகத்தான் சொல்றேன், புஷ்பம். என் எலும்பு போனது போதாதா?"

"இதுவே துரைசானி சொன்ன அளவு மாமா. இதுக்குக் கீழ போனா குண்டு குழாயிலேயே நின்னுரும். இது ஏலக்காய் இல்ல."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் எடுத்ததே அவளை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். முதலில் சொன்ன கணக்குக்குத் தவசிலிங்கம் தலையாட்டியதாக வரலாறு இல்லை. அந்த நேரம் பார்த்து ராஜமணி மறுபடி கத்த, அவள் விளிம்புக்கு ஓடினாள். பொறு, வெயில் இறங்குவதற்குள் ஏணி வரும் என்று கையால் காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் பஞ்சை வைத்துக் குண்டுகளை அழுத்தி மூடினாள். அய்யாவு தண்ணீர்க் குடுவையோடு பள்ளத்தில் இறங்கினான். ராஜமணி இறங்கினால் பிடிக்க ஆள் வேண்டும்.

தங்கபுஷ்பம் குப்புறப் படுத்து, துப்பாக்கியை ஒரு மூட்டைமேல் தாங்கிவைத்துக் குறிபார்த்தாள். முதல் குண்டு. துப்பாக்கி அவள் தோளில் லேசாகத் தட்டியது, தெரிந்தவர் முதுகில் தட்டுவது போல. மலை அசையவில்லை. ஒரு கல்கூட விழவில்லை. குண்டு கிளைக்குக் கீழே பாறையில் பட்டு ஈய வட்டமாக ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் போகும் குண்டு வழியில் தாழும். அவள் கொஞ்சம் மேலே குறிவைக்க முடிவு செய்தாள்.

இரண்டாவது. 'பொக்'.

அவ்வளவுதான். யாரோ நெல் மூட்டையைக் கீழே வைத்தது போல ஒரு சத்தம். கிளையிலும் படவில்லை, பாறையிலும் படவில்லை.

எதிரே ராஜமணி குகை வாயில் சாய்ந்து தலையைத் தொங்கப்போட்டான். கீழிருந்து அய்யாவு சீக்கிரம் என்று கத்தினான். தவசிலிங்கம் எழுந்து உட்கார்ந்து, "அடுத்ததப் போடு, போடு! புள்ள சாயுறான்!" என்றார்.

அவள் கை அடுத்த தோட்டாவை எடுத்துவிட்டது. துப்பாக்கியின் பின்கதவைத் திறந்து காலிக் கூட்டை உருவினாள். ஏதோ உறுத்தியது. குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தாள். வானம் தெரியவில்லை. பாதிக் குழலில் குண்டு மூடிபோட்ட மாதிரி நின்றிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து அவள் முகத்தோடு போயிருக்கும்.

அவள் மெல்லத் திரும்பினாள். தவசிலிங்கத்தின் முகம் வெளுத்திருந்தது. தானாகவே இடுப்பிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து நீட்டினார். பொடியோடு சேர்ந்து வெடிமருந்தும் இருந்தது. வீணாகிவிடக்கூடாது என்று எடுத்து வைத்திருக்கிறார்.

"எத்தனையில கை வச்சீங்க?"

"ஒண்ணுலதான். சத்தியமா ஒண்ணு."

அவள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினாள். தவசிலிங்கம் அந்தத் துண்டைப் பார்த்தார். எதிர்ப் பாறையைப் பார்த்தார். கையை உள்ளே விட்டார்.

இரண்டு விரல்.

"எது?"

"கடைசி ரெண்டும்மா. அந்த ஓரத்துல இருந்தது. ரெண்டுலயும் பாதி. அதுல ஒண்ணத்தான் நீ எடுத்துட்ட." கட்டுப்போட்ட தன் தோளைக் காட்டினார். "உனக்கு வலிக்கக்கூடாதுன்னுதான்."

கோபப்பட நேரமில்லை. ஓரத்தில் மிஞ்சிய தோட்டாவைத் தனியே எறிந்தாள். துடைக்கும் கம்பியைக் குழல் வாய்வழியே விட்டாள். தவசிலிங்கம் துப்பாக்கியைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் தானே அடிவாங்குவது போல முனகினார். அவள் கட்டையால் கம்பியைத் தட்டினாள். ஈயம் மென்மை. மெழுகும் இருந்ததால் அசைந்துகொடுத்து, கடைசியில் பின்பக்கமாக வந்து பொத்தென்று விழுந்தது. வானம் வட்டமாகத் தெரிந்தது. அதற்குள் வெயில் எதிர்ப் பாறையின் பாதிக்கு ஏறிவிட்டிருந்தது.

மூன்று நல்ல தோட்டாக்கள் மீதி.

முதலாவது கிளையின் பட்டையை உரித்தது. அடுத்தது அதே இடத்துக்கு ஒரு விரல் தள்ளிப் பாய்ந்தது. கிளை விரிந்து, ஏணி ஒரு சாண் தாழ்ந்து, மறுபடி நின்றது. ராஜமணி நிமிர்ந்து கையை நீட்டினான். எட்டவில்லை.

கடைசித் தோட்டா. தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். தங்கபுஷ்பம் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தினாள். கனமான ஈயம் சோம்பேறித்தனமாகப் போய்ச் சேர்ந்தது போலவே இருந்தது. பிறகு 'மடார்' என்றது. கிளை ஒடிந்து சுழன்று பள்ளத்தில் விழ, கொடி ஏணி ஊசலாடி வந்து ராஜமணியின் மார்பில் மோதியது. அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அவன் நேராக இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. குகைக்குள் போய், வேட்டியில் எதையோ கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டுதான் ஏணியில் கால் வைத்தான். இவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே என்று தங்கபுஷ்பம் பல்லைக் கடித்தாள். அடிவாரத்தில் அய்யாவு அவனைத் தாங்கி, தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தான்.

பொழுது சாய்வதற்குள் நால்வரும் ஒன்று சேர்ந்தார்கள். தங்கபுஷ்பம் தம்பியின் கன்னத்தில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். தவசிலிங்கம் ஜாடியின் வாயை உடைத்தார்.

உள்ளே உருண்டை உருண்டையாகக் காரீயக் குண்டுகள். பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கி ரவைகள். ஒரு ஜாடி நிறைய ஈயம். வலையும் சொம்பும் உருகிக்கொண்டிருந்தபோது எதிர்க் குகையில் படிக் கணக்கில் ஈயம் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அய்யாவு ஒரு குண்டை எடுத்து உருட்டிப் பார்த்தான். தவசிலிங்கம்தான் முதலில் தொண்டையைச் செருமினார். இதை உருக்கி அய்யாவுவுக்கு ஒன்றுக்கு ரெண்டாகச் சொம்பு செய்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"இது காரீயம் மொதலாளி, விஷம். இதுல ரசம் வச்சா முதல் கரண்டி உங்களுக்குத்தான்."

போடிக்குத் திரும்பியபோது சந்தைப்பேட்டையே திரண்டு அவர்களை வரவேற்றது. தவசிலிங்கம் கட்டுப்போட்ட கையோடு கடை வாசலில் உட்கார்ந்து கதை சொன்னார். எதையும் குறைக்கலாம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுக் குறைக்க வேண்டும் என்று முடித்தார். அது தன் சொந்த அனுபவம் என்பதை மட்டும் கதையிலிருந்து குறைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் அய்யாவு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் துண்டை உதறி, முதலாளியின் இடது கைமேல் போட்டான். தவசிலிங்கத்தால் மறுக்க முடியவில்லை. உள்ளே விரல்கள் பேசின. வெளியே கணக்கு இப்படி நின்றது.

வார்த்த குண்டு ஆறு. கிளைக்கு மூன்று, பாறைக்கு ஒன்று, குழலில் சிக்கியது ஒன்று, சுடாதது ஒன்று. சரி. வலைக்கு ஜாடியிலிருந்து ஈயமணி. சரி. தேன்மெழுகு ராஜமணி வாங்கித் தரவேண்டும். சரி. தலையணை தவசிலிங்கத்துடையது. நஷ்டம் அவருக்கே.

பாக்கி: ஈயச்சொம்பு ஒன்று.