இல்லாத கை காட்டிக் கொடுத்தது!

"ஆ...ஆ...ஆ!"

கென்சிங்டனில் அந்தச் செங்கல் மாளிகையிலிருந்து கிளம்பிய அலறலில் தெருமுனைக் குதிரைவண்டிக்காரனின் சுங்கான் வாயிலிருந்து நழுவி விழுந்தது.

அலறியவள் லூயிசா. பிரபல ஓவியர் அகஸ்டஸ் பெல்விட்டின் மனைவி.

ஓவியக் கூடத்தில், குப்புறக் கிடந்தார் சைலஸ் ட்ரான்டர். படங்களை வாங்கி விற்கும் வியாபாரி. முதுகில், சாயம் சுரண்டும் கத்தி பிடி வரை இறங்கியிருந்தது!

இன்ஸ்பெக்டர் க்ரேக் வந்ததும் உடம்பைப் பார்த்தார். போர்வையை எடுத்து முழுசாக மூடச் சொன்னார். பிறகு சுவர்களில் மாட்டியிருந்த ஓவியங்களைப் பார்த்தார்.

பிச்சைக்காரன். பட்டினிக் குழந்தை. அனாதை விடுதி வாசலில் விதவை... சட்டங்கள் மட்டும் தங்க முலாம்!

"பார்த்தாலே அழுகை வருதுங்கய்யா..." என்றான் கான்ஸ்டபிள் பைல்.

"அழுதுக்கோ. இதைப் பார்த்து அழத்தானே சீமாட்டிங்க டிக்கெட் வாங்கறாங்க! நிஜப் பிச்சைக்காரன் கை நீட்டினா, வண்டித் திரையை இழுத்து விட்டுக்கறாங்க."

அப்போதுதான் வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்தார் பெல்விட். வெல்வெட் கோட்டு. சீவிய தாடி. கையில் சாயம் காயாத ஓவியம்.

"கொலையா? என் வீட்லயா? கண்காட்சி நெருங்கற நேரத்துலயா!"

மூன்றாவது கேள்விதான் மூன்றிலும் சத்தமாக வந்தது.

"காலையிலேர்ந்து எங்க சார் இருந்தீங்க?"

"லாம்பெத்ல! அனாதை விடுதி வாசல்ல! ரொட்டிக்கு நிக்கற வரிசையை நேர்ல பார்த்து வரைஞ்சிக்கிட்டு இருந்தேன். இதோ, இந்த ஒத்தைக் கை ஆளைப் பாருங்க, சாயம்கூட இன்னும் காயலை. கண்ணால பார்க்காத ஒரு பொத்தானைக்கூட நான் வரைஞ்சதில்லைய்யா! நாடே சொல்லுது... பெல்விட்னா உண்மை, உண்மைன்னா பெல்விட்!"

"சர் பட்டம்கூட வரப்போகுதாமே?"

"பேசிக்கறாங்க..." பெல்விட் வெட்கப்பட்டார். போர்வைக்குக் கீழே ஒரு பிணம் இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

க்ரேக் ஓவியத்தை நெருங்கினார். குனிந்தார்.

சிரித்தார்.

"அட, நம்ம டாப்ஸ்! ஜேப்படித் திருடன். போன மாசம் நான்தான் பிடிச்சேன். விலங்கு மாட்ட இன்னொரு கை இல்லாம, அவன் வலது கையை என் கையோட சேர்த்து மாட்டி, புது மாப்பிள்ளை பொண்ணு மாதிரி ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம்."

"பார்த்தீங்களா? அச்சு அசல்!"

"அசல்தான்... ஆனா அவனுக்கு இல்லாதது இடது கை. உங்க படத்துல வலது சட்டைக் கைதான் காலியாத் தொங்குது!"

பெல்விட்டின் தாடி நடுங்கியது.

"அதுவும் போகட்டும். டாப்ஸ் இப்போ ஜெயில்ல கல் உடைச்சிக்கிட்டு இருக்கான். இன்னைக்குக் காலைல லாம்பெத்ல உங்களுக்கு முன்னாடி நின்னது யாரு... அவன் ஆவியா?"

பெல்விட் ஓவியத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க லாம்பெத் பக்கமே போகலை. கத்தி உங்களுது. வீடு உங்களுது. எங்க இருந்தீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. இல்லைன்னா தூக்குக் கயிறுதான்!"

பெல்விட் மனைவியைப் பார்த்தார். லூயிசா இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தை இறுகப் பிடித்தாள்.

"நான்தான்... நான்தான் கொன்னேன்!" என்றார் பெல்விட்.

பைல் வாயைப் பிளந்தான்.

"எப்படி?" என்றார் க்ரேக்.

"எதிர்ல வந்து நின்னான். நெஞ்சுல... ஒரே குத்து! மல்லாக்க விழுந்தான்!"

க்ரேக் போர்வையை உருவினார்.

குப்புறக் கிடந்த ட்ரான்டரின் முதுகில் கத்திப்பிடி!

"பார்க்காம நீங்க வரைஞ்ச மொதல் படம் இதுதானா சார்? ரொம்ப மோசமா வந்திருக்கு!"

க்ரேக் விடுவிடுவென்று நடைக்குப் போனார். கூடத்தை ஒட்டி ஒரு கதவு.

"அது துணி வைக்கிற அறை..." லூயிசா குறுக்கே வந்து நின்றாள்.

"துணி ஓடிப் போயிடும்னா வெளிப்பக்கம் இவ்வளவு பெரிய தாழ்ப்பாள் போட்டீங்க?"

உள்ளே துணி இல்லை. படம் காட்டும் லாந்தர் இருந்தது... இன்னும் சூடாக! அதற்குள் ஒரு கண்ணாடி போட்டோ பிளேட். விளக்கைத் தூண்டியதும் சுவரில் விழுந்தான் டாப்ஸ்... வலது கை இல்லாமல்!

க்ரேக் பிளேட்டை எடுத்துத் திருப்பிச் செருகினார். இப்போது இடது கையைக் காணோம்.

"அடப்பாவி மனுஷா! ஏழைங்களோட தோழன்னு ஊரை ஏமாத்திட்டு, ஒரு ஏழையைக்கூட நேர்ல பார்க்காம, இருட்டுல சுவத்துல விழற நிழலைக் காப்பியடிச்சீங்களா?"

"மெதுவா..." பெல்விட் கைகூப்பினார். "பேப்பர்காரங்க காதுல விழுந்துடும்!"

"வெளியில தாழ்ப்பாள். உள்ள நீங்க. கொலை நடக்கறது கேட்டிருக்குமே, ஏன் கத்தலை?"

"கத்தினா... உள்ள என்ன பண்றேன்னு தெரிஞ்சிடுமே!"

க்ரேக்கிற்கு அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே கூசியது. போட்டோ விஷயம் வெளியே வருவதைவிடத் தூக்கில் தொங்குவதே மேல் என்றல்லவா பழியை ஏற்றிருக்கிறது இந்த வெல்வெட் கோட்டு!

"தாழ்ப்பாள் போட்டது நீங்கதானே அம்மா?"

லூயிசா நிமிர்ந்தாள். அழவில்லை.

"ஆமா. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு தினமும் பூட்டறது நான்தான். பிளேட்டைச் செருகிக்கிட்டு இருந்தப்போ வாசல் மணி அடிச்சுது. அவசரத்துல திருப்பிப் போட்டுட்டேன்."

"வந்தது ட்ரான்டரா?"

"போட்டோ எடுத்துக் கொடுக்கறதே அவன்தான். நாளைக்கே பத்திரிகைக்குச் சொல்லிடுவேன்னு மிரட்டினான். இன்னும் கொஞ்ச நாள்ல இவர் சர், நான் லேடி பெல்விட்! அதைக் கெடுக்க வந்தவன் முதுகைக் காட்டித் திரும்பினான். கத்தி கைக்கிட்ட இருந்துது. முடிச்சிட்டு, இவரைப் பின்வாசல் வழியா வெளிய அனுப்பி, லாம்பெத்னு சொல்லச் சொன்னேன். பெரிய ஓவியராம், எந்தக் கைன்னு பார்க்கத் தெரியலை!"

க்ரேக் விலங்கை எடுத்தார். ஒரு வளையம் லூயிசாவின் கையில். இன்னொன்று தன் கையில்.

பெல்விட்டின் கண்கள் கலங்கின. மெதுவாக மனைவியை நெருங்கினார். எத்தனை கெட்டவளானாலும் கட்டிய மனைவி அல்லவா என்று பைல்கூடத் தொப்பியைக் கழற்றினான்.

"லூயிசா..." என்றார் பெல்விட். "அப்படியே நில்லு! ஆடாதே! 'கைதான மனைவி'... கண்காட்சிக்கு இதைவிட வேற என்ன வேணும்! பரண்ல கேமரா இருக்கு, இதோ எடுத்துட்டு வந்துடறேன்!"

மாடிப்படியில் தடதடவென்று ஓடியவரைப் பார்த்து க்ரேக் கத்தினார்.

"சார்! இந்தத் தடவையாவது பிளேட்டைச் சரியாப் போடுங்க... அப்புறம் யாரை யார் பிடிச்சதுன்னு கோர்ட்டுல எனக்கே சந்தேகம் வந்துடும்!"